விற்கச் சொன்ன பிறகு

என் வாடிக்கையாளர் பிரான்சிஸ் சார் என்மேல் ஒரு முறைகூடக் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டிருந்தால் இதை எழுதும் அவசியம் எனக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

போன மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வரிடமும் அரை மணி நேரம் பேசச் சொன்னார். வந்தேன். டீ வந்தது. நீங்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஒரு கம்பெனியின் அறிக்கையில் கடனை எங்கே தேடுவது, எந்தப் பக்கத்தை முதலில் படிப்பது என்று ஏதேதோ சொன்னேன். அதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும், முகத்திலேயே தெரிந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். நேரில் சொல்ல வாய் வராத விஷயங்கள் சில இருக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

தில்லை நகரில், மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் அதே அலுவலகத்தில்தான் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். கம்பெனிகளைப் படிப்பதும், எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதிக் கொடுப்பதும் என் வேலை. கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறை எனக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ், சாயங்காலம் அதே பஸ். தனியாக இருப்பவர்களுக்கு ஏற்ற வேலை இது என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அறிக்கை படிக்க யாரும் துணைக்கு வேண்டாமே.

பிரான்சிஸ் சார் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் மஸ்கட்டில். ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பொன்மலைப்பட்டியில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை நம்மிடம் கொண்டுவந்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“வட்டிக்கு பேங்க் இருக்குங்க மேடம். எனக்குப் பொருள் செய்யிற கம்பெனியாப் பாத்துச் சொல்லுங்க. நாலு பேரு நின்னு வேலை பாக்கற இடமா இருக்கணும்.”

நான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியைச் சொன்னேன். பெயர் வேண்டாம். லேப்டாப்பும் மேசைக் கம்ப்யூட்டரும் செய்து பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் விற்கும் கம்பெனி. நம் வாடிக்கையாளர்களில் இன்னும் பலருக்கும் அதையே சொல்லியிருந்தேன். இரண்டு வருஷம் நன்றாகவே ஏறியது. பிரான்சிஸ் சார் வாரத்தில் ஒரு நாள் வருவார். வாங்குவதற்கோ விற்பதற்கோ இல்லை. பேப்பர் படிப்பார், பத்து நிமிஷம் என்னோடு பேசுவார், தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். முழங்கால் தேய்ந்துவிட்டதால் மாடிப்படி ஏறுவது அவருக்குச் சிரமம். கீழ்த்தளத்தில் இரண்டு அறை வைத்த ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. அந்தப் பங்கை விற்று அதை வாங்குவதாகத் திட்டம். எங்கெங்கே வீடு பார்த்தார், எந்த வீட்டில் தண்ணீர் சரியில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வாரம் வரவில்லை என்றால் ஏன் என்று யோசிப்பேன். அவரிடம் அதைச் சொன்னதில்லை.

போன வருஷம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் என் லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது. சிங்காரத்தோப்பில் ஷாஜகான் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் விற்பனை, ரிப்பேர் இரண்டும் பார்ப்பவர். ரேம் என்கிற மெமரியைக் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்றார். பிறகு விலையைச் சொன்னார். இரண்டாவது தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

“நானும் தினம் காலைல கேட்டுட்டுத்தான் விக்கிறேன் மேடம். ஏஐக்குன்னு பெரிய பெரிய கம்பெனிக்காரங்க மொத்தமா அள்ளிட்டுப் போறாங்க. நமக்கு மிச்சம் மீதிதான்” என்றார்.

கடையில் நல்ல கூட்டம். விலை இன்னும் ஏறப்போகிறது என்று பயந்து எல்லோரும் முன்கூட்டியே வாங்க வந்திருந்தார்கள். உங்களுக்கு நல்ல வியாபாரம்தான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“இதெல்லாம் ஆடி மாசம் வாங்கிப் போட்ட சரக்கு. இப்ப வர்ற லாபத்தை லாபம்னு சொல்ல முடியாதுங்க. இது தீர்ந்துச்சுன்னா, வித்த காசுல திரும்ப இதுல பாதிகூட வாங்க முடியாது. இதுல ஒரு காலேஜுக்கு முப்பது சிஸ்டம் பழைய விலைக்கு ஒத்துக்கிட்டேன். அதை நினைச்சாத்தான் சோறு இறங்க மாட்டேங்குது.”

லேப்டாப்பை அவரிடமே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதுதான் கால் நின்றது. ஒரு கடைக்காரருக்கு முப்பது கம்ப்யூட்டர் என்றால், நான் வாங்கச் சொன்ன கம்பெனிக்கு எத்தனை ஆயிரம்?

மறுநாள் அந்தக் கம்பெனியின் கடைசி மூன்று மாத அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதுவரை இல்லாத லாபம். ஆர்டர் இரண்டு வருஷத்துக்கு நிரம்பிக் கிடக்கிறது என்று கம்பெனித் தலைவர் பெருமையாகச் சொல்லியிருந்தார். கையிருப்புச் சரக்கு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. ஆர்டர்களில் பெரும்பகுதி பள்ளிக்கூடங்களுக்கு, முன்பே பேசி முடித்த விலைக்கு. ஷாஜகான் பாய் சொன்னதுதான் அத்தனை பக்கத்திலும் இருந்தது. எவ்வளவு ஆர்டரோ அவ்வளவு நஷ்டம்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பல வருஷம் முன்பு, வெளிநாட்டில் எங்கோ வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் கிடைக்காமல் போன சமயத்தில், இதே மாதிரி ஒரு சந்தேகம் எனக்கு வந்தது. அப்போது எனக்கு மேலே இருந்தவர் அனுபவசாலி. சிரித்துவிட்டு, இதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த அறிக்கை வந்தபோது வாடிக்கையாளர்கள் நஷ்டப்பட்டார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்த மௌனத்தின் கூச்சம் எனக்குப் போகவே இல்லை. அதனால் இந்தத் தடவை நாலாவது நாள் முதலாளியின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன்.

உங்கள் முதலாளியை உங்களுக்குத் தெரியும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல மனிதர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பங்கு விலை ஏறுமுகமாக இருக்கும்போது விற்கச் சொன்னால் வாடிக்கையாளர்கள் நம்மேல் நம்பிக்கை இழப்பார்கள் என்றார். நான் விடவில்லை. கடைசியில், “நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்க்கா. ஆனா எப்பன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன். அந்தக் கேள்வியை நான் வாடிக்கையாளர்களிடமும் கொண்டுபோயிருக்க வேண்டும். கொண்டுபோகவில்லை. “இந்தப் பங்கை விற்றுவிடுங்கள்” என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, காரணங்களைத் தெளிவாக வைத்து அனுப்பினேன். இன்றைக்கும் அந்தக் குறிப்பை எடுத்துப் படித்தால் ஒரு வரியிலும் தப்பு இருக்காது. ஒரு வரி குறைவு, அவ்வளவுதான். விற்ற பிறகும் விலை ஏறலாம், எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது என்ற வரி.

பிரான்சிஸ் சாருக்கு நேரிலேயே சொன்னேன். அவருக்கு விற்க மனசில்லை.

“ஆர்டர் நிறைய இருக்குன்னு பேப்பர்ல போட்டிருக்கே மேடம்.”

“பழைய விலைக்கு ஒத்துக்கிட்ட ஆர்டர் சார். சாமான் விலை ஏறிடுச்சு. செய்யச் செய்யக் கைக்காசு போகும்.”

 பட்டறையில் வெளியாட்கள் காண்ட்ராக்ட் எடுத்து, இரும்பு விலை ஏறியதும் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போன கதை ஒன்று சொன்னார். பிறகு, “நீங்க சொன்னா சரிங்க” என்று கையெழுத்துப் போட்டார். அத்தனையையும் விற்றோம். விற்ற பணத்தை பேங்க்கில் போட்டு வைத்து வீடு தேடுவதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் விலை ஏறியது. அதற்கடுத்த வாரமும் ஏறியது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் முழுக்க ஜனம் நிரம்பி, பஸ் ஊருக்குள் வராமல் பாலத்துப் பக்கமே இறங்கி நடந்த நாட்களில், அந்தப் பங்கு நாங்கள் விற்ற விலையைவிட இருபத்தைந்து சதவீதம் மேலே இருந்தது. பொங்கல் முடிந்து அடுத்த அறிக்கை வந்தது. அதிலும் லாபம். பழைய சரக்கு இன்னும் தீரவில்லை. விலை மறுபடியும் தாவியது.

வாடிக்கையாளர்கள் போன் செய்தார்கள். சிலர் வருத்தமாகப் பேசினார்கள், சிலர் கேலியாக. லால்குடியில் இருந்து ஒரு குடும்பம், இருபது வருஷமாக நம்மோடு இருந்தவர்கள், கணக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அலுவலகத்தில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பும். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் திருப்பினார்கள். நானே பிறகு என் அறையிலேயே டிபன் பாக்ஸைத் திறக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாளும் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். தப்பு எதுவும் அகப்படவில்லை. தப்பு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டால், இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. தம்பியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிப் பார்த்தேன். விட்டுத்தள்ளு, இன்னும் நாலு மாசத்தில் ரிட்டயர் ஆகப்போகிறாய் என்றான்.

இந்தச் சமயத்தில்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன். பிரான்சிஸ் சார் வந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அவர் படியேறி வருவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. உடனே போனைக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் யாரும் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். மேடம் பிஸி என்று அவள் சொல்லியிருப்பாள். அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார். அன்று முதலாளியோடு வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். மூன்றாவது தடவை அவர் வந்தபோது நான் சாப்பாட்டு அறையில் இருந்தேன். வெளியே வரவில்லை. சும்மாத்தான் வந்தேன் என்று அவர் சொன்னதாக அந்தப் பெண் பிறகு சொன்னாள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், இதில் பொய் சொல்லிப் பயன் இல்லை.

மே மாதம் வருஷ முடிவு அறிக்கை வந்தது. பழைய சரக்கு தீர்ந்திருந்தது. புதிதாக வாங்கிய மெமரியின் விலை லாபத்தை முழுதாகத் தின்றுவிட்டது. கடைகளுக்கு விற்கும் லேப்டாப்பின் விலையைக் கம்பெனி ஏற்ற, ஜனங்கள் வாங்குவதைத் தள்ளிப் போட்டார்கள். பள்ளிக்கூட ஆர்டர்களை மட்டும் பழைய விலைக்கே கொடுத்தாக வேண்டும். பங்கு ஒரே வாரத்தில், எங்கள் விற்பனை விலைக்கும் வெகு கீழே போய் விழுந்தது. முதலாளி மைசூர்பாகு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். லால்குடிக்காரர்கூடப் போன் செய்தார். என்னோடு சாப்பிட மறுபடியும் ஆட்கள் வந்தார்கள்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பிரான்சிஸ் சார்தான். நாலு மாதத்தில் முதல் முறையாக அவருக்குப் போன் செய்தேன். நல்லவேளை அன்றைக்கே விற்றோம் சார், பேப்பர் பார்த்தீர்களா என்று கேட்டேன். என் குரலில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

“பாத்தேன் மேடம். சந்தோஷம். நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு” என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். 

“நான் திரும்ப வாங்கிட்டேங்க. மார்ச் மாசம்.”

அன்று மத்தியானம் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பொன்மலைப்பட்டிக்குப் போனேன். பட்டறையில் ஷிப்ட் முடிந்து சைக்கிளும் வண்டியுமாக ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அவர் வீட்டு மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருந்தது. நான் ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. இவ்வளவு வருஷத்தில் அன்றுதான் முதல் முறை அந்த வீட்டுக்குப் போகிறேன். ஒரே அறை. சுவரில் மாதா படம், பக்கத்தில் மனைவியின் போட்டோ. என்னைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நடந்ததைக் கோர்வையாகச் சொன்னார். அவர் பார்த்து வைத்திருந்த வீட்டுக்காரர் விலையைக் கூட்டிவிட்டார். கையில் இருந்தது போதவில்லை. பக்கத்துத் தெருவில் அவரோடு பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், அதே பங்கை விற்காமல் வைத்திருந்தவர், தினமும் டீக்கடையில் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். விற்காமல் இருந்திருந்தால் வீட்டுக்குப் போதுமான பணம் இருந்திருக்கும் என்ற கணக்கு பிரான்சிஸ் சார் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நடந்துகொண்டிருந்த சமயம். மகள் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த ஆப் மூலமாக, பேங்க்கில் இருந்த பணம் முழுவதையும் எடுத்து, தானாகவே திரும்ப வாங்கிவிட்டார். ஏறக்குறைய உச்ச விலையில்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்” என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி. வாயில் வந்துவிட்டது.

“வாங்கறதுக்கு முன்னாடி மூணு தடவை ஆபீஸுக்கு வந்தேன் மேடம். நீங்க பிஸியா இருந்தீங்க.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நான் நிஜமாகவே பிஸியாக இருந்தேன் என்றுதான் அவர் நம்பினார். அந்த அறையில் எனக்கு வேறு எங்கும் பார்க்க இடம் இல்லாததால் அவர் மனைவியின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிஸியாக இல்லை சார், உங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு ஒளிந்துகொண்டேன் என்று சொன்னேன்.  அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டார். பால் இல்லை. வெறும் டீதான்.

டீ குடித்துக்கொண்டே, “இப்ப என்ன செய்யலாம்?” என்று கேட்டார்.

இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். என் வேலைக் காலத்தில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்த பதில் அதுதான். வைத்திருங்கள், திரும்ப ஏறும் என்று சொல்வது எளிது. அவர் கேட்க விரும்பியதும் அதைத்தான். அப்படிச் சொன்னால் அன்றைக்கு இரண்டு பேரும் நிம்மதியாகப் பிரியலாம். நஷ்டமும் காகிதத்தில் மட்டும் இருக்கும், என் குற்றமும் காகிதத்தில் மட்டும் இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனி பழைய விலைக்குக் கொடுத்து முடிக்க வேண்டிய ஆர்டர் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதற்காகக் கடனும் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். மெமரி விலை இறங்கும் அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே ஒரு பயம் வேறு. இரண்டாவது முறையும் விற்கச் சொல்லி, அதன் பிறகு ஏறினால் இந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அந்தப் பயத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், இன்றைக்குப் புதிதாக ஒருவர் வந்து கேட்டால் இந்தப் பங்கை வாங்கச் சொல்வேனா? மாட்டேன்.

“வித்துடலாம் சார். வித்த பிறகு ஏறினாலும் ஏறும். எத்தனை நாள் ஏறும்னு எனக்குத் தெரியாது. ஏறினா நான் வந்து உங்க முன்னாடி உக்காருவேன். நீங்க திட்டினாலும் பரவாயில்லை, தனியா மட்டும் எதுவும் செய்யாதீங்க.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு போனை எடுத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று என்னிடம் காட்டச் சொன்னார். சந்தை அன்றைக்கு முடிந்துவிட்டிருந்தது. மறுநாள் காலையில் போய் இரண்டு பேருமாக விற்றோம்.

அதற்குப் பிறகு விலை இன்னும் இறங்கியது. பிறகு ஒரு செய்தி வந்து, ஒரே நாளில் நாங்கள் விற்றதற்கும் மேலே போனது. அன்று அலுவலகம் முடிந்ததும் நேராகப் பொன்மலைப்பட்டிக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, “ஏறிடுச்சுன்னு வந்தீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி உட்காருங்க என்றார். பங்கைப் பற்றி ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை. மகள் அனுப்பிய போட்டோக்களைக் காட்டினார். மஸ்கட்டில் மழை பெய்திருந்தது. பத்து நாளில் விலை மறுபடியும் கீழே வந்துவிட்டது. அதற்குள் நான் நாலு முறை போயிருந்தேன்.

வீடு வாங்க முடியவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை. மிஞ்சிய பணம் கீழ்த்தளத்து வீட்டுக்குப் போதாது. அவர் இன்னும் அந்த மாடியிலேயே இருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குவார். காலையில் மாதா கோயிலுக்குப் போனால் திரும்பும்போதே காய், பால் எல்லாம் வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறார். மஸ்கட்டுக்கு வந்துவிடச் சொல்லி மகள் கூப்பிடுகிறாள். போகத் தோன்றவில்லை என்கிறார். நான் அன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார். இதைப் பல விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு முடிவு வரவில்லை.

நீங்கள் இந்தத் தொழிலில் பல முறை தப்பாகச் சொல்வீர்கள். அதற்கு மன்னிப்பு உண்டு, மறுநாள் வேலையும் உண்டு. சரியாகச் சொல்லிவிட்டு, உலகம் அதை ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்கும் மாதங்கள்தான் ஆபத்தானவை. அப்போது உங்களுக்கு ஒளிந்துகொள்ளத் தோன்றும். நீங்கள் சொன்னதைக் கேட்டு நடந்தவரும் அந்த மாதங்களில்தான் இருக்கிறார், உங்களைவிட அதிகப் பயத்தோடு, கணக்குப் பார்க்கக்கூடத் தெரியாமல். போன் செய்யுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். விலை ஏறிவிட்டது, நான் இன்னும் அதையே நினைக்கிறேன், இதுதான் காரணம் என்று சொன்னால் போதும். பிடிக்காவிட்டால் திட்டுவார். திட்டிக்கொண்டிருக்கும்வரை அவர் உங்களோடு இருக்கிறார்.

ஜூன் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். அலுவலகத்தில் சால்வை போர்த்தினார்கள். இப்போது பகல் முழுவதும் வீட்டில் இருக்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு அடுக்குமாடி எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கீழே காய்கறி வண்டி போனால் வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் இறங்குகிறேன். அறிக்கைகள் படிப்பதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரான்சிஸ் சார் வீடு திரும்பும் நேரத்துக்கு அவருக்குப் போன் செய்வது வழக்கமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமையும் செய்தேன். கால் வலியைப் பற்றிக் கேட்டேன். பரவாயில்லை என்றார். என்ன சமையல் என்று கேட்டார். ரசம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அவர் கேட்டார்.

“இந்த வாரம் யாராச்சும் வந்தாங்களா மேடம்?”

“இல்லைங்க சார்.”

“இங்கயும் யாரும் வரலை” என்றார்.

போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.